ஏரி நலமாக இருந்தால் கண்ணில் படாத சிற்பம்

மனிதர்கள் இயற்கையை என்ன செய்திருக்கிறார்கள் என்று பேசும் கலைப்படைப்புகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வகைப் படைப்புகளில் முக்கால்வாசி, நமக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியைத்தான் மறுபடி சொல்கின்றன. பனி உருகுது, காடு அழியுது, கடலில் பிளாஸ்டிக் சேருது. பார்க்கிறோம், மனசு கனக்குது, வீட்டுக்கு வந்துடறோம்.

உதாரணத்துக்கு ஓலஃபர் எலியாசன் செய்த 'ஐஸ் வாட்ச்'. கிரீன்லாந்துக் கடலில் மிதந்துகொண்டிருந்த பனிப்பாளங்களை எடுத்து வந்து, 2014-இல் கோபன்ஹேகனிலும், 2015-இல் பருவநிலை மாநாட்டின்போது பாரிஸிலும், 2018-இல் லண்டனிலும் பொது இடத்தில் உருக விட்டார். மக்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள், காது வைத்துக் கேட்டார்கள். நல்ல படைப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பனிக்கட்டி என்ன சொல்ல வேண்டும் என்பது அது கப்பல் ஏறும் முன்பே முடிவாகிவிட்டது. சில நாளில் உருகித் தண்ணீராக ஓடியதோடு அதன் வேலையும் முடிந்தது.

இந்தப் பதிவு இதற்கு நேர் எதிரான ஒரு படைப்பைப் பற்றியது. 'ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்று சொல்லும் நோக்கம் அதைச் செய்தவருக்கு இல்லை. சொல்லப்போனால் டிப்பர் லாரியைக் கொண்டுவந்து ஏரிக்குள்ளேயே பாறையைக் கொட்டிய மனிதர் அவர். ஆனாலும் அரை நூற்றாண்டு கழித்து, அந்த ஏரிக்கு என்ன ஆனது என்பதற்கு அவருடைய படைப்புதான் கண்கூடான சாட்சியாக நிற்கிறது.

கல்லைக் கொட்டி ஒரு சுருள்

படைப்பின் பெயர் 'ஸ்பைரல் ஜெட்டி'. செய்தவர் ராபர்ட் ஸ்மித்ஸன் என்ற அமெரிக்கக் கலைஞர். இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் ஏரி, அதன் வடகிழக்குக் கரையில் ரோசல் பாயின்ட் என்னும் ஒதுக்குப்புறம். ஆண்டு 1970.

ஜெட்டி என்றால் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் கல் மேடு. நம்ம மீனவக் கிராமங்களில் கடலுக்குள் பாறை கொட்டிக் கட்டுவதைத் 'தூண்டில் வளைவு' என்பார்களே, பார்க்கக் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். ஆனால் ஸ்மித்ஸன் கட்டியது அலையைத் தடுக்கவும் இல்லை, படகு கட்டவும் இல்லை. கரையிலிருந்து நேராகப் போய், பிறகு இடஞ்சுழியாகச் சுருண்டு உள்ளே முடிகிறது. நீளம் 1,500 அடி, அகலம் சுமார் 15 அடி. 6,000 டன்னுக்கும் அதிகமான கறுப்பு பசால்ட் பாறையும் மண்ணும் அதில் போயிருக்கின்றன. எல்லாம் அங்கேயே கரையில் கிடந்தவை. உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆட்கள் லாரி, லோடர் வண்டிகளை வைத்து முதல் வடிவத்தைச் சுமார் ஒரு வாரத்தில் முடித்தார்கள். அது ஸ்மித்ஸனுக்குத் திருப்தியாக இல்லை. ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு இப்போதுள்ள சுருளாக மாற்ற வைத்தார். இதைப் பற்றி ஒரு படமும் எடுத்தார், 1972-இல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

இந்த மனிதரைச் சூழலியல்வாதி என்று சொல்வது கஷ்டம். ஜெட்டிக்குச் சில மாதம் முன்பு கனடாவின் வான்கூவர் அருகே ஒரு சிறு தீவை உடைந்த கண்ணாடித் துண்டுகளால் மூடப் போகிறேன் என்று திட்டம் போட்டார். பறவைகளும் கடல்நாய்களும் என்ன ஆகும் என்று உள்ளூர் மக்கள் கொதித்தெழுந்தார்கள், அனுமதி ரத்தானது. அவருடைய ஆர்வம் 'என்ட்ரோபி' என்ற இயற்பியல் கருத்தில்தான். அதாவது எந்த ஒழுங்கும் காலப்போக்கில் கலைந்து சிதையும் என்பதில். மலை தேய்வதையும் தொழிற்சாலை துருப்பிடிப்பதையும் அவர் ஒரே கண்ணால்தான் பார்த்தார். ரோசல் பாயின்ட் அவருக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், எண்ணெய் எடுக்க முயன்று கைவிட்டுப்போன இரும்புச் சாமான்கள் அங்கே சிதறிக் கிடந்ததுதான்.

சிவப்புத் தண்ணீர்

அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் வேறொன்று. ஏரியின் அந்தப் பகுதியில் தண்ணீர் சிவப்பு. இளஞ்சிவப்பிலிருந்து ரத்தச் சிவப்பு வரைக்கும் மாறும். சிவப்புத் தண்ணீரில் கறுப்புச் சுருள், அதன் ஓரத்தில் வெள்ளை உப்பு. இந்த நிறச் சேர்க்கைக்காகவே அவர் இந்த ஏரிக்கு வந்தார்.

தண்ணீர் ஏன் சிவப்பு? அதிக உப்பில் மட்டுமே செழிக்கும் நுண்ணுயிர்களும், டுனாலியெல்லா சலைனா என்ற பாசியும் அந்த நிறத்தைத் தருகின்றன. இதுவரை இயற்கைதான். ஆனால் ஏரியின் வடக்கில் மட்டும் ஏன் அவ்வளவு உப்பு? இங்கேதான் ரயில் வருகிறது.

1869-இல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை இந்த ஏரியின் வடபுறத்தைச் சுற்றிப் போனது. சுற்று வழியைக் குறைக்க 1904-இல் ஏரியின் நடுவே மரக்கால்கள் மேல் ஒரு பாலம் போட்டார்கள். அடியில் தண்ணீர் தாராளமாக ஓடியது. பிறகு அதற்குப் பதிலாக, 1959-இல் பாறையும் மண்ணும் கொட்டி ஒரு முழுக் கரையே கட்டிவிட்டார்கள். ஏரி இரண்டாகப் பிரிந்தது. ஏரிக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரும் பேர், வீபர், ஜோர்டான் ஆகிய மூன்று ஆறுகளும் கரைக்குத் தெற்கேதான் சேர்கின்றன. வடக்குப் பகுதிக்கு வரத்து மிகக் குறைவு, ஆவியாவது மட்டும் நிற்காது. உப்பு ஏறிக்கொண்டே போய்க் கரைசல் தாங்கும் எல்லையைத் தொட்டது, சிவப்பு நுண்ணுயிர்கள் பெருகின.

ஆக, ஸ்மித்ஸன் பார்த்து மயங்கிய அந்த ஆதிகாலச் சிவப்புக்கு வயது அப்போது 11 வருஷம்! ஒரு ரயில் கம்பெனியின் சிக்கன நடவடிக்கை போட்ட சாயம். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் நேர்க்கோடு இழுத்த மாதிரி ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை கலந்த நீலம். ஜெட்டியை 'மனிதக் கை படாத நிலத்தில் மனிதன் வைத்த குறி' என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மனிதக் கை ஏற்கெனவே பட்டிருந்ததால்தான் அந்த இடமே அவருக்குக் கிடைத்தது.

முங்கிப்போன முப்பது வருஷம்

இந்த ஏரிக்கு உள்ளே வர வழி உண்டு, வெளியே போக வழி கிடையாது. ஆற்றில் வருவதும் வானத்திலிருந்து விழுவதும் வரவு, ஆவியாவது மட்டுமே செலவு. ஆழமும் குறைவு, தட்டு மாதிரியான ஏரி. மட்டம் ஓர் அடி இறங்கினாலே கரை வெகுதூரம் பின்வாங்கும்.

ஜெட்டி கட்டிய சமயத்தில் ஏரி தாழ்ந்திருந்தது. 1963-இல் அதுவரை காணாத குறைந்த மட்டத்துக்குப் போய், மெல்ல ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஏறும் தண்ணீர் இரண்டே ஆண்டில் ஜெட்டியை மூடிவிட்டது. 1973-இல், இன்னொரு படைப்புக்கான இடத்தைப் பார்வையிடும்போது நடந்த விமான விபத்தில் ஸ்மித்ஸன் இறந்துபோனார். வயது 35. அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் ஜெட்டி பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான். கலை மாணவர்களுக்கு அது புகைப்படமாகவும் படமாகவும் மட்டுமே தெரிந்த, கிட்டத்தட்ட ஒரு கட்டுக்கதை.

1980-களில் நிலைமை இன்னும் வேடிக்கை. தொடர்ந்து நல்ல மழை, பனி. 1986-87-இல் ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,212 அடி உயரத்தைத் தொட்டது. சாலை, ரயில் பாதை எல்லாம் மூழ்கும் நிலை. மாநில அரசு சுமார் 6 கோடி டாலர் செலவழித்து ராட்சத பம்புகள் வைத்து, ஏரித் தண்ணீரை மேற்கே பாலைவனத்தில் இறைத்தது. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

2002-இல் வறட்சி. தண்ணீர் இறங்க, ஜெட்டி வெளியே வந்தது. கறுப்பாகப் போனது வெள்ளையாகத் திரும்பி வந்தது. பாறை முழுக்க உப்புப் பொரிந்திருந்தது. உலகம் முழுக்கவிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். இடையில் சில காலம் மூழ்கினாலும், அதன்பின் பெரும்பாலும் அது வெளியேதான் இருக்கிறது. இப்போது சுருளைச் சுற்றிச் சிவப்புத் தண்ணீரே இல்லை. உப்புப் படிந்த மணல்தான். தண்ணீரின் விளிம்பு வெகுதூரம் விலகிப் போய்விட்டது. 2017-இல் யூட்டா இதைத் தன் அதிகாரபூர்வ மாநிலக் கலைப்படைப்பாக அறிவித்தது.

இரண்டு எண்கள்

இந்த ஏரியின் மட்டத்தை 1847 முதல் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தரவையும் ஜெட்டியின் கதையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தப் பதிவு எழுதத் தோன்றியது.

ஜெட்டி கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஏரி மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,195 அடிக்குக் கீழே இருக்க வேண்டும். இது முதல் எண்.

பறவைகளுக்கும் ஏரியின் உயிர்களுக்கும் மனிதர்களுக்கும் சேர்த்து, ஏரி நலமாக இருக்கிறது என்று யூட்டா மாநிலம் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு 4,198 அடி. இது இரண்டாவது எண்.

யோசிச்சுப் பாருங்க. ஏரி ஆரோக்கியமாக இருந்தால் ஜெட்டி தண்ணீருக்கு அடியில் இருக்கும். ஜெட்டி மேல் நாம் நடக்க முடிகிறது என்றாலே ஏரிக்கு உடம்பு சரியில்லை. இந்தச் சிற்பத்தின் அழகைப் பார்க்கக் கிடைப்பதும் ஏரி வற்றுவதும் ஒரே சம்பவம்தான். யாரும் இதைத் திட்டமிடவில்லை.

2022 நவம்பரில் ஏரி 4,188.5 அடிக்கு இறங்கியது. பதிவு தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த மட்டம் அதுதான். 1980-களின் உச்சத்தோடு ஒப்பிட்டால் 23 அடி கீழே. பரப்பளவு உச்சத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

இது வறட்சியால் வந்ததா, மனிதர்களால் வந்ததா? 2017-இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. ஏறத்தாழ 150 ஆண்டுகளாக ஆறுகளிலிருந்து தண்ணீரைத் திருப்பி எடுத்ததால் மட்டுமே ஏரி சுமார் 11 அடி இறங்கியிருக்கிறது என்பது அதன் முடிவு. இப்போ ஒரு சின்னக் கூட்டல் போடலாம், கரடுமுரடான கணக்குதான். 4,188.5-உடன் 11-ஐக் கூட்டினால் 4,199.5. அதாவது ஆற்றிலிருந்து யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்திருந்தால், அந்த மிக மோசமான ஆண்டில்கூட ஜெட்டி கண்ணில் பட்டிருக்காது!

எடுத்த தண்ணீர் எங்கே போனது? பெரும்பகுதி விவசாயத்துக்கு. அதிலும் மாட்டுத் தீவனத்துக்கு. அங்கே அல்ஃபால்ஃபா என்பதை நம்மூரில் குதிரை மசால் என்போம். மிச்சம் ஊர்களுக்கும் தோட்டப் புல்தரைக்கும் ஏரியோரத் தாது எடுக்கும் தொழிலுக்கும் போகிறது.

எதிர்க்க ஆள் இல்லாத இழப்பு

2008-இல் ஒரு சம்பவம் நடந்தது. ஜெட்டியிலிருந்து சில மைல் தொலைவில் ஏரிக்குள் எண்ணெய்க் கிணறு தோண்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. ஸ்மித்ஸனின் மனைவியும் கலைஞருமான நான்சி ஹோல்ட் தகவலைப் பரப்ப, ஆயிரக்கணக்கான எதிர்ப்புக் கடிதங்கள் அரசுக்குப் போய்க் குவிந்தன. அந்தக் கிணறுகள் வரவில்லை. நல்ல விஷயம்தான்.

ஆனால் அதே ஆண்டுகளில் ஏரித் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்குக் கடிதம் எழுத முகவரி இல்லை. ஒரு விண்ணப்பம், ஒரு நிறுவனம், ஒரு தேதி என்றால் எதிர்க்கலாம். 150 வருஷமாகச் சட்டப்படி தண்ணீர் உரிமை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான விவசாயிகளையும் நகரங்களையும் எப்படி எதிர்ப்பது? அவர்களில் யாரும் ஏரியைக் கொல்ல நினைத்தவர்களும் இல்லை. ஒவ்வொருவரும் தன் வாய்க்காலுக்கு உரியதைத்தான் எடுத்தார்கள். கலை ரசிகர்கள் ஜெட்டியைச் சுற்றியுள்ள காட்சியைக் காப்பாற்றினார்கள், ஜெட்டியைச் சுற்றியிருந்த தண்ணீரைக் காப்பாற்ற முடியவில்லை.

இழப்பு வெறும் காட்சி சம்பந்தப்பட்டதும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1 கோடி பறவைகள் இந்த ஏரியை நம்பி வருகின்றன. அவை தின்பது உப்பு ஈயையும், ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலையும். அந்த ஆர்ட்டீமியாவின் முட்டைகள்தான் உலகெங்கும் இறால் குஞ்சுப் பண்ணைகளுக்கு முக்கியத் தீனி. உலகச் சந்தையில் பெரும் பங்கு இந்த ஏரியிலிருந்து போகிறது, நம் கிழக்குக் கடற்கரையிலுள்ள குஞ்சு பொரிப்பகங்களும் அந்தச் சந்தையில் வாங்குபவைதான். இன்னொரு பக்கம், காய்ந்த ஏரிப்படுகையில் ஆர்சனிக் போன்றவை படிந்திருக்கின்றன. காற்று அடித்தால் அந்தத் தூசி போய்ச் சேருவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் சால்ட் லேக் சிட்டி வட்டாரத்துக்கு. 1987-இல் தண்ணீரை வெளியே இறைக்கக் கோடிகள் செலவழித்த அதே மாநிலம், 2022-இல் தண்ணீரை ஏரிக்குள் கொண்டுவர 4 கோடி டாலரில் ஒரு நிதியம் அமைத்தது.

அளவுகோல் சொல்லாதது

இவ்வளவு சொன்னபின் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகணும். ஜெட்டியை மட்டும் பார்த்து ஏரியின் நிலையைத் தீர்மானிக்க முடியாது. ஏன் என்றால், அது இருப்பது ரயில் கரைக்கு வடக்கே.

அந்தக் கரையில் தண்ணீர் இருபுறமும் போய்வர ஒரு திறப்பு இருக்கிறது. 2022-இல் தெற்கிலும் உப்பு ஏறி, ஆர்ட்டீமியா பிழைக்குமா என்ற பயம் வந்தது. திறப்பின் அடியிலுள்ள தடுப்பு மேட்டை அந்த ஆண்டும், 2023 தொடக்கத்திலும் அரசு உயர்த்தியது. நோக்கம் எளிது. நல்ல தண்ணீர் தெற்கிலேயே தங்க வேண்டும், வடக்கின் அடர் உப்பு தெற்கே வரக் கூடாது. 2023-இல் வரலாறு காணாத பனிப்பொழிவு. தெற்கு சுமார் ஐந்தரை அடி ஏறியது, வடக்கு அந்த அளவுக்கு ஏறவில்லை. உயிர்கள் அதிகமுள்ள பாதியைக் காப்பாற்ற மற்ற பாதியை விட்டுக்கொடுத்தார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஜெட்டி இருப்பது விட்டுக்கொடுத்த பாதியில். அதைச் சுற்றியுள்ள வறட்சியில் இப்போது குதிரை மசாலோடு ஒரு நிர்வாக முடிவும் கலந்திருக்கிறது.

இதனால் ஜெட்டியின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. நீர்மட்ட அளவுகோல் எதுவும் காரணம் சொல்லாது, மட்டத்தைத்தான் காட்டும். காரணத்தை நாம்தான் போய்த் தேட வேண்டும். இந்த ஒரு கல் சுருளைப் பின்தொடர்ந்து போனதில் ரயில் பாதை, நுண்ணுயிர், தண்ணீர் உரிமை, மாட்டுத் தீவனம், இறால் முட்டை என்று எங்கெங்கோ போய் வந்துவிட்டேன். உருகிய பனிக்கட்டி என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகவில்லை.

மனிதர் இயற்கைமேல் ஏற்படுத்தும் மாற்றம் பெரும்பாலும் மெதுவானது. ஒரு தலைமுறை பார்த்த ஏரியை அடுத்த தலைமுறை பார்ப்பதில்லை, அதனால் குறைந்தது தெரிவதில்லை. நகராத ஒரு பொருளை ஓர் இடத்தில் வைத்து, வருஷக்கணக்கில் அதைப் படமெடுத்து வைத்தால் மட்டுமே ஒப்பிட முடியும். ஜெட்டியைப் பராமரிக்கும் டியா கலை அறக்கட்டளை அதைத்தான் செய்கிறது, காலமுறைப்படி வானத்திலிருந்து படமெடுத்துச் சேர்க்கிறது. கலைக்காக எடுக்கும் அந்தப் படங்களில் ஏரியும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது.

ஒரு நாள் யூட்டா தன் கணக்கைச் சரிசெய்து, ஏரி 4,198 அடியைத் தாண்டினால், மாநிலத்தின் அதிகாரபூர்வக் கலைப்படைப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றம் சீக்கிரம் வரட்டும்.